விடுபட்ட மூன்று நாள்கள்

அத்தியாயம் பதினான்கு

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று ஷப்னாவுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது அவள் குசினித் தரையில் கிடந்தாள். கையிலிருந்த தேத்தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டியிருந்தது. வாய்க்குள் இரத்தம் உப்புக் கரித்தது.

"எழும்பு," என்றான் அவள் அண்ணன் றஊப். "எழும்பி இதை வாசி."

காலை ஆறரை மணி. மன்னார் ஆசுப்பத்திரிக்கு வேலைக்குப் போக பஸ்ஸுக்குப் புறப்பட்டு நின்றவள் அவள். நானா துறையிலிருந்து இவ்வளவு நேரத்தோடு ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை. வந்தவன் சலாமும் சொல்லவில்லை, காலில் ஒட்டிய மணலைத் தட்டவும் இல்லை. நேரே குசினிக்குள் நுழைந்து தங்கையை அடித்தான்.

அவன் மனைவி கைருன்னிசா அடுப்படியிலிருந்து ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். "பொம்பிளைப் பிள்ளையை இப்படியா அடிக்கிறது? விடுங்கோ."

அவன் ஒரு கையால் அவளைத் தள்ளினான். தள்ளிய வேகத்தில் அவள் உள்ளங்கை போய்ச் சுடுசட்டியில் பதிந்தது. கைருன்னிசா கத்தவில்லை. கையை உதறிக்கொண்டு தண்ணீர் வாளிக்குள் விட்டாள். பன்னிரண்டு வருடம் அவனோடு வாழ்ந்தவளுக்குக் கத்துவதில் பிரயோசனமில்லை என்பது தெரியும்.

கசங்கிய தாள் ஒன்று ஷப்னாவின் மடியில் விழுந்தது. ஆங்கிலத்தில் அச்சடித்த அரைப்பக்கம். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு அடியின் வலி மறந்துபோயிற்று. அது அவள் எழுதியது.

பதின்மூன்று வாரமாக இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. புதிதாக வந்தவர்கள் இவ்வளவைத் தெரிந்துகொண்டால் போதும். சிலாவத்துறையில் உம்மாவும் வாப்பாவும் இல்லாத மூன்று பிள்ளைகள். மூத்தவன் றஊப், இரண்டு படகுக்குச் சொந்தக்காரன். நடுவில் ஜெஸ்லியா. கடைசி ஷப்னா. நாலு வருடத்துக்கு முன் பிள்ளைப்பேற்றுக்காக இந்த வீட்டுக்கு வந்த ஜெஸ்லியாவுக்கு, பிள்ளை பிறந்த கையோடு மனம் பிசகியது. ஆசுப்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்ததில் குணமாயிற்று. குணமாகிப் புருஷன் வீடு போனவள் அவன் அடி தாங்காமல் ஏழு மாதத்துக்கு முன் மகள் றினோஸாவைத் தூக்கிக்கொண்டு நானாவிடமே திரும்பி வந்துவிட்டாள். பிள்ளை யாருக்கு என்று நாளை சனிக்கிழமை காதி நீதிமன்றத்தில் விசாரணை. வராதவர் பக்கம் தோற்றுவிடும். புருஷன் நிப்ராஸுக்குப் பிள்ளை ஒரு வீம்பு. ஜெஸ்லியாவுக்கு அந்தப் பிள்ளையை விட்டால் உலகத்தில் வேறொன்றும் இல்லை.

இனி அந்தத் தாளின் கதை.

ஷப்னா மனநலப் பிரிவில் உளசமூக உத்தியோகத்தர். அவளும் டொக்டர் சுதர்ஷினியும் சேர்ந்து ஜெஸ்லியாவின் நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். வெளிநாட்டு மனநல மருத்துவ ஆய்விதழ் ஒன்று அதைப் பதினொரு மாதம் வைத்திருந்து, முகம் தெரியாத இரண்டு நிபுணர்களிடம் காட்டி, இரண்டு தடவை திருத்தச் சொல்லி, போன மாதம் வெளியிட்டது. பெயர் இல்லை, ஊர் இல்லை. வயதைக்கூட மாற்றியிருந்தார்கள்.

ஆனால் ஆய்விதழ்களுக்கு ஒரு விதி உண்டு. எழுதியவருக்கும் நோயாளிக்கும் உறவு இருந்தால் அதை மறைக்கக் கூடாது. 'ஆசிரியர்களில் இரண்டாமவர் நோயாளியின் உடன்பிறந்தவர்' என்று ஷப்னா நேர்மையாக எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு ஒரேயொரு ராத்தாதான் என்பது சிலாவத்துறையில் பூனைக்குட்டிக்கும் தெரியும். ஆளை ஆறு திரை போட்டு மறைத்துவிட்டு, கடைசியில் விலாசத்தை எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

முழுக் கட்டுரையைச் சந்தா கட்டியவர்கள்தான் படிக்கலாம். முகப்பிலுள்ள சுருக்கமும் இந்தப் பிரகடனமும் எல்லாருக்கும் இலவசம். கட்டாரில் வேலை செய்யும் யாரோ ஒருவன் கண்டெடுத்து நிப்ராஸுக்கு அனுப்பியிருக்கிறான். நிப்ராஸ் படியெடுத்து, விடியற்காலை மீன் ஏலத்தில் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கிறான். ஆங்கிலம் தெரியாதவர்களுக்குத் தமிழிலும் எடுத்துச் சொல்லியிருக்கிறான். சுருக்கத்தின் கடைசி வரி, 'நோயாளி முழுமையாகக் குணமடைந்தார்' என்பது. அந்த வரியை மட்டும் வெட்டியிருந்தான்.

வெட்டாத வரி இது: 'மீன்பிடி வாடிக் குடிசையொன்றில் வீட்டாரால் பத்தொன்பது நாள் கயிற்றால் கட்டி வைக்கப்பட்டிருந்தவர்.'

"ஏலத்தில நிண்டு சிரிக்கிறானுகள்," என்றான் றஊப். "நேத்துப் பிறந்தவனெல்லாம் கயிறு வேணுமா நானா எண்டு கேக்கிறான். நீதானே எழுதினது?"

"ஓம்."

"ஆரைக் கேட்டு எழுதினாய்?"

ஷப்னா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "உங்களைத்தான் நானா. கையெழுத்து வச்சது நீங்கதானே."

மூன்றாவது அடி அவளுக்கு விழவில்லை. றஊப் மூலையில் சாத்தியிருந்த இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனான். மேசையில் அவளுடைய லெப்டொப் இருந்தது. ஒரே போடு. பிறகு இன்னொன்று. மேசைக் கால் முறிந்து விழும்வரை போட்டான். அடி ஓய்ந்ததும் அலவாங்கை முற்றத்தில் எறிந்துவிட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனான்.

கைருன்னிசா ஒற்றைக் கையால் ஷப்னாவின் உதட்டைத் துடைத்துவிட்டாள். வெந்த கையை ஈரத்துணியில் சுற்றியிருந்தாள்.

"இந்தத் தாள் சுத்துறது ஜெஸ்லியாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இல்லை மச்சி."

"நீ எழுதினது?"

"அதுவும் தெரியாது."

கைருன்னிசா துணியைப் பிழிந்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். அதைவிட இன்னும் இரண்டு அடி வாங்கியிருக்கலாம் என்று ஷப்னாவுக்குப் பட்டது.

*

கையெழுத்து வாங்கின நாளை அவள் மறக்கவில்லை.

ஆய்விதழ் அனுப்பிய படிவத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. மேல் கோடு நோயாளிக்கு. கீழ்க் கோடு, நோயாளி சுயமாக முடிவெடுக்க இயலாதவராக இருந்தால், பாதுகாவலருக்கு. ஜெஸ்லியா அப்போது சுகமாகி ஒரு வருடத்துக்கு மேல். நோன்புக்கு நானா வீட்டுக்கு வந்து நின்றாள். பக்கத்து அறையில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நாலு எட்டு நடந்தால் போதும்.

றஊப் முன்னறைக் கதிரையில் இருந்தான். "என்ன பேப்பர்? கொண்டா," என்றான். வாசிக்காமலே கீழ்க் கோட்டில் கையெழுத்து வைத்தான். ஷப்னாவும் கொடுத்தாள். ஜெஸ்லியாவின் நிக்காஹ் பதிவிலும் இப்படித்தான். மணப்பெண்ணிடம் யாரும் பேனையை நீட்டவில்லை. பெண்ணுக்குப் பொறுப்பாளியாக, வலீயாக நின்ற நானாதான் அவளுக்கும் சேர்த்து வைத்தான். கண்டு கண்டு பழகினது கைக்கும் பழகிப்போயிற்று. எத்தனை நாள் கட்டியிருந்தது என்ற விபரத்தையும் அதே கதிரையில் வைத்து நானாவிடம்தான் கேட்டு எழுதினாள்.

அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். ராத்தாவிடம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயமும் இருந்தது. ஆய்விதழில் தன் பெயரைப் பார்க்க வேண்டுமென்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

இப்போது கைபேசியில் டொக்டரை அழைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கீழ்க் கோட்டையும் சொன்னாள்.

"ஷப்னா, நான் லீவில நிக்கேக்க நீர் கொண்டுவந்து வச்ச படிவம். நானும் சரியாப் பார்க்கேல்லை. அது என்ர பிழை," என்றாள் டொக்டர் சுதர்ஷினி. "இண்டைக்கே ஆசிரியர் குழுவுக்கு எழுதத்தான் வேணும். சம்மதம் தரவேண்டிய ஆள் தரேல்லை எண்டு தெரிஞ்சா அவை கட்டுரையை நீக்கிப்போடுவினம்."

"நீக்கட்டும் டொக்டர்."

"நீக்கினா ஐந்தாம் பக்கமும் போயிடும். யோசிச்சீரா?"

ஐந்தாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. இரண்டாவது நிபுணர், யாரென்றே தெரியாத மனிதர், ஒரு கேள்வி கேட்டிருந்தார்: நோயாளியின் பழைய எலும்பு முறிவுகள் எப்போது ஏற்பட்டவை? அதற்குப் பதிலாகச் சேர்த்தது. ஜெஸ்லியாவை ஆசுப்பத்திரியில் சேர்த்த அன்று எடுத்த எக்ஸ்ரே படங்களும், முறிவுகளின் காலமும், அடித்தது யார் என்று அவள் சொன்னதும் அதில் இருந்தன. அசல் படங்களை நிப்ராஸ் அப்போதே அடுப்பில் போட்டுவிட்டான். கட்டுரைக்கென்று எடுத்த பிரதி மட்டும்தான் மிச்சம். அவனுக்கு ஐந்தாம் பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

"நீக்கிறதோ வச்சிருக்கிறதோ, உம்மட முடிவும் இல்லை, என்ர முடிவும் இல்லை," என்றாள் டொக்டர். "முழுக் கட்டுரையை உம்மட போனுக்கு அனுப்புறன். கேக்க வேண்டிய ஆளிட்டக் கேளும்."

*

ஜெஸ்லியா முன்பள்ளியில் பரீனா டீச்சருக்கு உதவியாக நிற்கிறாள்; அன்றும் விடியவே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டிருந்தாள். ஊர் வாயிலிருந்து கேட்பதற்கு முன் தன் வாயிலிருந்து கேட்கட்டும் என்று கட்டுரை போனுக்கு வந்து சேர்ந்த கையோடு ஷப்னா பதினொன்றரை மணி வெயிலில் நடந்தாள். வீங்கிய கன்னத்தை முக்காட்டால் மூடியிருந்தாள். முன்பள்ளி வாசலை நெருங்கும்போதே பிள்ளை வீறிடும் சத்தம் கேட்டது.

பிந்திவிட்டாள்.

வாசலில் ஓட்டோ ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே நிப்ராஸின் தம்பி இன்ஸாப். நிப்ராஸ் றினோஸாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். ஜெஸ்லியா பிள்ளையின் இடுப்பை விடவில்லை. நடுவில் நாலு வயதுப் பிள்ளை கால் நிலத்தில் படாமல் தொங்கியது.

"விடடி. பைத்தியக்காரியிட்டப் பிள்ளையை விட்டுட்டு நான் பாத்துக்கொண்டு நிக்கோணுமா?"

"நாளைக்கு விசாரணை. காதி சொல்லட்டும்."

"காதி என்ன சொல்லுறது? உண்ட தங்கச்சியே எழுதிக் குடுத்திட்டாள்." அவன் சட்டைப் பையிலிருந்த தாளை இழுத்து அவள் முகத்தில் அழுத்தினான். "உலகத்துக்கே எழுதிக் குடுத்திட்டாள், நீ விசரி எண்டு."

ஜெஸ்லியாவின் கண் தாளின் மேலால் ஷப்னாவைப் பார்த்தது. அந்த ஒரு விநாடி அவள் பிடி தளர்ந்தது. நிப்ராஸ் அதற்குத்தான் காத்திருந்தான். மூடிய கையால் அவள் நெஞ்சில் குத்தினான். எந்த இடத்தில் குத்தினால் மூச்சு அடைக்கும் என்று தெரிந்த, பழகிய குத்து. ஜெஸ்லியா மடங்கி உட்கார்ந்தாள்.

வேப்பமரத்தில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு கட்டியிருந்தது. அதை அடிக்கிற இரும்புக் கம்பி பக்கத்தில் கிடந்தது. ஷப்னா அதை எப்போது எடுத்தாள் என்று பிறகு கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் முழங்கையில் போட்டாள். எலும்பில் இரும்பு விழுந்த சத்தம் ஓட்டோ சத்தத்தையும் மீறிக் கேட்டது.

பிள்ளை மணலில் விழுந்தது. பரீனா டீச்சர் பாய்ந்து தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைப் பூட்டினாள்.

நிப்ராஸ் வலது கை தொங்க, இடது கையால் ஷப்னாவின் முக்காட்டோடு கழுத்தைச் சேர்த்துப் பிடித்து வாசல் தூணில் மோதினான். ஒருதரம். இரண்டுதரம். கண்ணுக்குள் வெள்ளையாகப் பூத்தது. மூன்றாம் தரம் மோதவில்லை. யாரோ அவனைப் பின்னால் இழுத்தார்கள்.

றஊப் வந்துவிட்டான்.

காலையில் தங்கையை அடித்த அதே கை இப்போது மச்சானை அடித்தது. முகத்தில் அடித்தது, வயிற்றில் அடித்தது, விழுந்த பிறகு காலும் சேர்ந்துகொண்டது. நிப்ராஸின் பல் ஒன்று மணலில் விழுந்தது. இன்ஸாப் இறங்கவேயில்லை. கடைக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் றஊப் அசையவில்லை. தங்கைக்காக அடிக்கிறான் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. ஏலத்தில் கேட்ட ஒவ்வொரு சிரிப்புக்கும் ஓர் அடி, அவ்வளவுதான்.

நிப்ராஸ் இரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "அடி. நல்லா அடி. கட்டி வச்சது நீ எண்டுதான் பேப்பரில கிடக்கு. எண்ட பேர் எங்கயாவது கிடக்கா?"

ஷப்னாவின் நாக்கு நுனியில் ஐந்தாம் பக்கம் நின்றது. விழுங்கிக்கொண்டாள். ராத்தாவைக் கேட்காமல் இனி ஒரு சொல்லும் வெளியே போகக் கூடாது.

றஊப் அந்த இரும்புக் கம்பியை எடுத்தான். இந்த முறை தலைக்கு ஓங்கினான்.

"நானா." ஜெஸ்லியா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். குரல் உரக்கவில்லை. "அவன் மௌத்தானா நீங்க கொலைக் கேசில மறியலுக்குப் போவீங்க. பிள்ளை அவண்ட உம்மாட்டப் போகும். போடுங்கோ கம்பியை."

கம்பி விழுந்தது. சரியாக அந்நேரம் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கு பாங்கு சொன்னார்கள். கூட்டம் கலைந்தது. ஒருவன் உதட்டைக் கழுவிக்கொண்டும் மற்றவன் சட்டையை மாற்றிக்கொண்டும், இரண்டு பேரும் ஒரே பள்ளிக்குத் தொழப் போனார்கள்.

*

வீட்டின் பின்னறையில் ஜெஸ்லியா பாயில் உட்கார்ந்தாள். றினோஸாவைக் கைருன்னிசா வெளியே வைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கத்தின் சத்தம் காற்றோடு வந்து போயிற்று.

"ராத்தா, நான் முதல்ல..."

"மாப்புக் கேக்கிறதெல்லாம் பிறகு. வாசி. முழுக்க வாசி. தமிழில சொல்லு."

ஷப்னா கைபேசியைத் திறந்தாள். தான் எழுதிய ஆங்கிலம் இவ்வளவு குளிர்ந்து கிடக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

"'நோயாளி இருபத்தொன்பது வயதுப் பெண்...'"

"அப்ப எனக்கு இருபத்தேழு."

"ஆள் தெரியக் கூடாதெண்டு மாத்தினது."

"நல்லா மறைச்சிருக்கிறாய்."

ஷப்னா தலையைக் குனிந்துகொண்டு தொடர்ந்தாள். "'குழந்தை பிறந்த ஒன்பதாம் நாளிலிருந்து நோயாளிக்குக் குரல்கள் கேட்டன. குழந்தையைக் கிணற்றில் போட்டால்தான் சுத்தமாகும் என்று அக்குரல்கள் கூறின.'"

ஜெஸ்லியா கண்ணை மூடினாள். "ஓம். சொன்னது. அது சரி."

ஐந்தாம் பக்கம் வந்தது. இரண்டு விலா எலும்பு. இடது மணிக்கட்டு. எல்லாம் நோய் தொடங்குவதற்கு முன் முறிந்தவை. கணவன் அடித்ததாக நோயாளி கூறினார்.

"இது நான் என்ர வாயால டொக்டரிட்டச் சொன்னது. இதுவும் சரி."

"'இதற்கிடையில் நோயாளி பத்தொன்பது நாள்கள்...'"

"பிழை."

ஷப்னா நிமிர்ந்தாள்.

"இருபத்திரண்டு," என்றாள் ஜெஸ்லியா. "மண்டை குழம்பித்தான் கிடந்தது. ஆனா வாடிக்கு ஜும்ஆ பாங்கு கேக்கும். கட்டின அண்டைக்குக் கேட்டது. நீ படிச்சுக்கொண்டிருந்த கம்பசால வந்து கயிறை வெட்டின அண்டைக்கும் கேட்டது. எல்லாமா நாலு ஜும்ஆ. எண்ணிப் பார்."

ஷப்னா விரல் விட்டு எண்ணினாள். வெள்ளிக்கு வெள்ளி எட்டு, பதினைந்து, இருபத்திரண்டு. கணக்கு அப்பழுக்கில்லாமல் நின்றது.

"நானா பத்தொன்பது எண்டுதானே சொன்னவர்?"

"சோறு தந்த நாளை மட்டும் சொல்லியிருக்கிறார். பார்வை பார்க்க வந்த ஆள் சொன்னவராம், உள்ளுக்க இருக்கிற ஜின்னுக்குப் பசி காட்டினாத்தான் போகும் எண்டு. முதல் மூண்டு நாளும் ஒண்டும் தரேல்ல. தண்ணி தந்தவை. நாலாம் நாள் மச்சி கஞ்சி கொண்டு வந்தா." அவள் முலைப்பால் கட்டி நின்ற மார்பைப் பிடிப்பது போல ஒருதரம் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனாள். "பால் அந்த மூண்டு நாளிலதான் வத்தினது."

பதினொரு மாதம். இரண்டு நிபுணர்கள். ஒவ்வொரு எண்ணையும் துருவித் துருவிக் கேட்ட ஆய்விதழ். அத்தனை பேரையும் தாண்டி ஒரு பொய் எண் அச்சில் ஏறி நிற்கிறது. ஏற்றினவள் அவள்தான்.

"நான் அண்டைக்கு உங்களிட்டச் சம்மதம் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க ராத்தா?"

"இருபத்திரண்டு எண்டு சொல்லியிருப்பன்."

ஷப்னா அழுதாள். ஜெஸ்லியா அவளைத் தேற்றவில்லை, விலக்கவும் இல்லை. அழுது முடியட்டும் என்று பார்த்திருந்தாள்.

"டொக்டரிட்டச் சொல்லு. நீக்க வேணாம். திருத்தச் சொல்லு," என்றாள். "கடைசியில என்ன போட்டிருக்கு?"

"'பதினான்கு மாதமாக மருந்தின்றி, முழுமையாகக் குணமடைந்த நிலையில், குழந்தையைத் தானே வளர்த்து வருகிறார்.'"

"அதை இன்னொருக்கா வாசி."

ஷப்னா இன்னொருதரம் வாசித்தாள். வாசித்து முடிக்கையில் வாசலில் நிழல் விழுந்தது. றஊப் தொப்பியோடு நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ, முகம் சாம்பலாகியிருந்தது.

ஜெஸ்லியா எழுந்தாள். "நல்லதாப் போச்சு நானா, நீங்களும் கேட்டது. நாளைக்குக் காதிக்கு முன்னால இதை முழுக்கச் சொல்லப் போறன். அவன் முறிச்ச எலும்பையும் சொல்லுவன், இருபத்திரண்டு நாளையும் சொல்லுவன். நீங்க பக்கத்தில நிண்டு ஓம் எண்டு சொல்லோணும்."

"உனக்கு விசர்தான்." அவன் தொப்பியைக் கழற்றினான். "கிணத்தடிக்கு ஓடின ஆளைக் கட்டாம என்ன செய்யச் சொல்லுறாய்? நான் அழுதழுதுதான் கட்டினனான்."

"தெரியும். நீங்க அழுதது எனக்கு ஞாபகம் கிடக்கு. எனக்கு வந்தது வருத்தம், ஒரு நோய். அது மாறிட்டு. நீங்களும் அவனும் செய்தது வேற. அது வேற, இது வேற எண்டு காதி விளங்கினாத்தான் பிள்ளை எனக்கு."

"அந்த மூண்டு நாளை ஆரிட்டயும் சொல்லாத."

"அதைச் சொல்லாட்டி மிச்சத்தை ஆர் நம்புவான்?"

அவன் பாய்ந்து ஷப்னாவின் கையிலிருந்த போனைப் பறித்தான். ஷப்னா விடவில்லை. அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னால் மடித்தான்; சுண்டுவிரலில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. குறுக்கே வந்த ஜெஸ்லியாவைத் தோளால் இடித்தான். அவள் தலை அலுமாரி விளிம்பில் பட்டு, புருவம் பிளந்து, இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்தபடியே பின்வாங்கி வெளியே போனான். கதவு அடைபட்டது. வெளிப்பக்கம் கொண்டி விழுந்தது. பிறகு ஆமைப்பூட்டு.

ஷப்னா மறுகையால் கதவைக் குத்தினாள். "நானா, நாளைக்கு ராத்தா போகாட்டி பிள்ளை அவனுக்குப் போயிடும். திறங்கோ."

"போகட்டும்." கதவுக்கு மிக அருகில் அவன் மூச்சுக் கேட்டது. "பிள்ளை போனா ரெண்டு மாசத்தில ஊர் மறந்திடும். சோறு குடுக்காமப் போட்டவன் எண்டா என்ர ஜனாஸாவைத் தூக்கேக்கயும் அதைத்தான் கதைப்பானுகள்."

காலடி முன்பக்கம் போயிற்று. கதிரை ஒன்று இழுபடும் சத்தம். காவலுக்கு உட்கார்ந்துவிட்டான்.

கதவைக் குத்திக் குத்தி ஷப்னாவின் கை தோலுரிந்தது. திரும்பிப் பார்த்தபோது ஜெஸ்லியா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருவத்து இரத்தத்தைத் துடைக்கவும் இல்லை.

யன்னலுக்கு வெளியே முற்றத்தில் கைருன்னிசா நின்றாள். ஒரு கையில் துணிச் சுற்று, மறு இடுப்பில் தூங்கிப்போன றினோஸா.

"மச்சி," என்றாள் ஜெஸ்லியா. "நாலாம் நாள் கஞ்சி கொண்டு வந்தனீங்க. நான் மறக்கேல்ல. வாயில வச்சு ஊட்டினீங்க. முடிஞ்சதும் கோப்பையைக் கழுவிக்கொண்டு போனீங்க. கயிறை அவிழ்க்கேல்ல. அதையும் நான் மறக்கேல்ல."

முன்பக்கத்தில் றஊப் இருமினான். கைருன்னிசா திடுக்கிட்டு அந்தப் பக்கம் பார்த்தாள். பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு இரண்டடி நடந்தாள். பன்னிரண்டு வருடமாக வெளியார் முன்னால் அவனுக்கு எதிராக ஒரு சொல் பேசாத பெண் அவள்.

கைருன்னிசா நின்றாள். திரும்பி யன்னல் அருகே வந்தாள். வெந்த கையைக் கம்பியின் மேல் வைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாளைக்கு நாங்க எத்தினை மணிக்குக் காதியிட்ட நிக்கோணும்?" என்று கேட்டாள்.